டஸ்ட் ஆஃப் ஸ்னோ: ஹெம்லாக் நிஜமாவே விஷ மரமா? பொண்ணுக்கு எப்படி சொல்லித் தர்றது?

மலைக்கோட்டை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இந்த வருஷம் பத்தாவது, சிபிஎஸ்இ. இங்கிலீஷ் புக்ல முதல் பாட்டே ராபர்ட் ஃப்ராஸ்டோட டஸ்ட் ஆஃப் ஸ்னோ, எட்டே வரி. ஒரு காக்கா ஹெம்லாக் மரத்துல இருந்து பனிய உதறி விடுது, அது கீழ இருக்கிறவர் மேல விழுது, அவருக்கு மனசு மாறிடுது, வீணாப் போச்சேன்னு நெனச்ச நாள்ல கொஞ்சமாவது மிஞ்சுது. அவ்ளோதான். படிக்க சுலபமாத்தான் இருக்கு ஆனா ரெண்டு நாளா நானும் அவளும் இதப் பத்தியேதான் பேசிட்டு இருக்கோம்.

நாங்க வாங்கின கைடுல காக்கா அபசகுனம், ஹெம்லாக் விஷ மரம், ரெண்டும் சோகத்துக்கு அடையாளம்னு போட்டிருக்கு, கிளாஸ்லயும் அதே நோட்ஸ்தான். இவ டெஸ்ட்ல "எங்க வீட்ல தினமும் காக்காவுக்கு சோறு வெச்சுட்டுத்தான் சாப்பிடுவோம், எனக்கு அது கெட்ட பறவையாத் தெரியல"ன்னு எழுதிட்டு வந்துட்டா. மூணு மார்க்குக்கு ஒண்ணு. மார்க் போனா போகட்டும், "அம்மா நான் எழுதினது தப்பா?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

இன்னொண்ணும் கேட்டா. விஷ மரத்துல இருந்து எதாவது மேல விழுந்தா பயம்தானே வரணும், சந்தோஷம் எப்படி வரும்? அப்புறம் டஸ்ட்னா தூசிதானே, தூசி தலைல கொட்டினா எரிச்சல்தானே வரும்? நாங்க யாரும் ஸ்னோ பாத்ததில்ல, மார்கழிப் பனியும் கொடைக்கானல் மூடுபனியும்தான் தெரியும். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பனிக்காட்டுத்_தமிழன்:

சிஸ்டர், நான் பதினோரு வருஷமா அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துலதான் இருக்கேன். உங்க பொண்ணு கேட்டது ரொம்ப சரியான கேள்வி, அவகிட்ட முதல்ல இதச் சொல்லுங்க, ஹெம்லாக் மரத்துல விஷம் கிடையாது. சாக்ரடீசுக்குக் குடிக்கக் குடுத்தாங்களே அது வேற ஹெம்லாக், அது ஒரு செடி, கொத்துக் கொத்தா வெள்ளைப் பூ பூக்கும், நம்ம கொத்தமல்லி, கேரட் எல்லாம் இருக்கிற குடும்பம். பாட்டுல வர்றது பைன் குடும்பத்து மரம். இலையக் கசக்கினா அந்தச் செடி வாசம் மாதிரி இருக்குன்னு மரத்துக்கும் அதே பேர வெச்சுட்டாங்கன்னு சொல்வாங்க. இங்க இருந்த பூர்வகுடி மக்கள் இந்த மரத்து இலையில டீ போட்டே குடிச்சிருக்காங்க. பேர் ஒண்ணா இருக்கிறதாலதான் இத்தனை குழப்பம்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு மரம் நிக்குது. இலை நம்ம நெல்லி இலை மாதிரி ரெண்டு பக்கமும் வரிசையா பொடிப் பொடியா இருக்கும், திருப்பிப் பாத்தா அடியில ரெண்டு வெள்ளைக் கோடு போட்ட மாதிரி இருக்கும், கிளை எல்லாம் லேசா கீழ தொங்கும். முக்கியமானது என்னன்னா இது குளிர்காலத்துலயும் இலை உதிர்க்காது. பாடத்துக்குப் பின்னாடி மேப்பிள், ஓக், பைன் மாதிரி அழகான மரத்த விட்டுட்டு ஏன் ஹெம்லாக்னு ஒரு கேள்வி இருக்குமே, அதுக்கு நான் சொல்ற பதில் இதுதான், ஜனவரில மேப்பிள் மரம் மொட்டையா நிக்கும், அதுல இவ்ளோ பனி தங்காது, ஹெம்லாக் கிளை ஒவ்வொண்ணும் முறம் மாதிரி பனிய ஏந்திட்டு நிக்கும். (பைன்லயும் தங்கும், ஆனா ஹெம்லாக் கிளை ரொம்பத் தாழ்வா ஆள் தலைக்கு மேலயே வரும்.)

டஸ்ட் விஷயம். நம்ம பனிங்கிற ஒரே வார்த்தையில புல்லு மேல நிக்கிற துளியும் வந்துடுது, மூடுபனியும் வந்துடுது, ஸ்னோவும் வந்துடுது, அதான் பசங்களுக்குப் புரிய மாட்டேங்குது. நல்லா குளிர் இறங்கின நாள்ல ஸ்னோ ஈரமாவே இருக்காது. கையில அள்ளி உருண்டை பிடிச்சா பிடிபடாது, சலிச்ச அரிசி மாவு மாதிரி விரல் இடுக்குல வழிஞ்சு போயிடும். அப்படிப்பட்ட நாள்ல ஒரு காக்கா கிளைய விட்டு எழும்பினா மொத்தமா தொப்புனு விழாது, பொடியா காத்துலயே மெதுவா இறங்கும், வெயில் இருந்தா ஒவ்வொரு துகளும் மினுக்கும். காலர் வழியா கழுத்துல ஒரு துளி உள்ள போயிடுச்சுன்னா அப்படியே உடம்பு சிலிர்த்துடும். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நடந்து போறவனக்கூட சட்டுனு நிமிர வெச்சுடும், எனக்கே நடந்திருக்கு.

இன்னொண்ணு, ஃப்ராஸ்ட் 1900ல இருந்து சில வருஷம் இந்த மாநிலத்துல டெரிங்கிற ஊர்ல கோழி வளத்து பண்ணை நடத்தினவர். அவருக்கு எது விஷச் செடி எது காட்டு மரம்னு தெரியாம இருக்காது.

பழைய_இங்கிலீஷ்_டீச்சர்:

அம்மா, முப்பது வருஷம் இந்த மாதிரி பாட்டெல்லாம் நடத்தினவ நான். கிளாஸ்ல காக்கான்னா சோகம், ஹெம்லாக்னா சாவுன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போன நாள் எனக்கும் உண்டு, போர்ஷன் முடிக்கணுமே. இப்ப நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு, அதனாலதான் இவ்ளோ பெருசா எழுதுறேன்.

பொண்ணுகிட்ட அர்த்தத்துக்குப் போறதுக்கு முன்னாடி பாட்ட ஒரே மூச்சுல வாசிக்கச் சொல்லுங்க. எட்டு வரியும் சேந்து ஒரே வாக்கியம், எண்ணிப் பாத்தா மொத்தம் 34 வார்த்தை, நடுவுல எங்கயும் முற்றுப்புள்ளி கிடையாது. ஹெம்லாக், கிவன் இந்த ரெண்டத் தவிர மத்த எல்லாமே ஒரே அசை. சின்னக் கொழந்தை பேசுற வார்த்தையா இருக்கும். அப்புறம் எழுவாய் எதுன்னு கேளுங்க. நிறைய பசங்க க்ரோன்னு சொல்லும், சிலது ஸ்னோன்னு சொல்லும். ரெண்டும் இல்ல, "தி வே". காக்கா உதறின விதம் இருக்கே, அந்த விதம்தான் அவர் மனச மாத்துச்சுன்னு பாட்டு சொல்லுது. காக்கா நல்லதா கெட்டதாங்கிற கேள்வியே பின்னாடி போயிடுது பாருங்க, அந்த நிமிஷம் எப்படி நடந்துச்சுங்கிறதுதான் முன்னாடி நிக்குது.

கடைசியில "சம் பார்ட்". நாள் முழுசும் நல்லாயிடுச்சுன்னு அவர் சொல்லல, கொஞ்சம் காப்பாத்திக் குடுத்துச்சுங்கிறார், அதுல எனக்கு ரொம்ப மரியாதை. பாட்டோட கடைசி வார்த்தை ரூட் (rued), அப்படின்னா ஐயோ இப்படி ஆயிடுச்சேன்னு நொந்துக்கிறது. காலைல இருந்து என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லல, நாமளும் கற்பனை பண்ணி எழுத வேணாம்.

பரீட்சைக்கு, பொதுவா காக்காவ இருட்டோட, சோகத்தோட சேத்துப் பாக்கிறாங்கன்னு ஒரு வரி எழுதிட்டு, ஆனா என் பார்வையில இப்படின்னு காரணத்தோட எழுதச் சொல்லுங்க. அவ எழுதினது தப்பு இல்ல, பாட்டோட சேத்துக் கட்டாம விட்டுட்டா, அவ்ளோதான்.

ஏடும்_எழுத்தும்:

டீச்சர் சொன்னது அருமை. கைடுக்காகவும் ஒரு வார்த்தை பேசணும். ஃப்ராஸ்ட் ஸ்கூல்லயே லத்தீன், கிரேக்கம் படிச்சவர், 1897ல இருந்து ரெண்டு வருஷம் ஹார்வர்டுலயும் அதையேதான் படிச்சார். ஹெம்லாக்னு எழுதுறப்ப சாக்ரடீஸ் ஞாபகம் அவருக்கு வந்திருக்காதுன்னு என்னால நம்ப முடியல. மரத்துல விஷம் இல்ல சரி, பேர்ல அந்த நிழல் இருக்கு, ரெண்டும் சேந்துதான் கேக்குதுன்னு நான் படிப்பேன். இந்தப் பாட்டு வந்த நியூ ஹாம்ப்ஷயர் தொகுப்பு 1923, அடுத்த வருஷம் அதுக்குத்தான் புலிட்சர் பரிசு கெடச்சுது.

காக்கா விஷயத்துல பொண்ணுக்கு இத மட்டும் சொல்லுங்க. குறுந்தொகை 210ஆம் பாட்டுல, பிரிஞ்சு போன தலைவன் திரும்பி வந்து நிக்கிறான், தோழி அவன்கிட்ட சொல்றா, விருந்து வருதுன்னு கரைஞ்ச காக்காவுக்கு ஏழு கலத்துல நெய்ச்சோறு வெச்சாலும் பத்தாதுன்னு. அந்தப் பாட்டாலயே அந்தப் புலவருக்கு காக்கைபாடினியார்னு பேர். உங்க வீட்ல வைக்கிற சோத்துக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் இல்ல.

பனிக்காட்டுத்_தமிழன்:

பேர்ல நிழல் இருக்குங்கிறது ஒத்துக்கிறேன் சார். ஆனா பசங்க மரத்த முதல்ல பாக்கட்டும், நிழல் அப்புறம் வரட்டும். விஷ மரம்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் அந்தப் பொடிப் பனிய பாக்கவே மாட்டாங்க. சிஸ்டர், ஸ்னோவுக்கு எங்க போறதுன்னு கவலைப்படாதீங்க, மழை விட்டதும் எதாவது மரத்தடில கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க.

மலைக்கோட்டை_அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு நாள் கழிச்சு வந்து எழுதுறேன். நேத்து ராத்திரி மழை, காலைல ஸ்கூலுக்குக் கிளம்பினவ வேணும்னே கொல்லைப்புற முருங்கைக்கு அடியில போய் நின்னா. காக்கா வரல. நான் வழக்கம்போல சுவர் மேல சோறு வெச்சு கூப்பிட்டேன், ஒண்ணு வந்து மரத்துல உக்காந்துச்சு, அது சோத்துக்குத் தாவினப்ப கிளை ஆடி பொலபொலன்னு அவ தலை, தோள், யூனிஃபார்ம் எல்லாம் தண்ணி. "ம்மா!"ன்னு கத்தினா, கண்ணு ரெண்டும் இறுக்கி மூடிருக்கு, வாய் சிரிக்குது. டீச்சர்கிட்ட போய் தி வே பத்தி கேக்கப் போறேன்னு சொல்லிட்டு அந்த ஈரத்தோடயே சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டா.