தமிழ் வழியில் பத்தாவது முடித்த தங்கையை ப்ளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கலாமா?

திருப்பூர்_அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். ஊரில் இருப்பது அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தோடு முடிந்துவிடும். தங்கை இந்த வருடம் 500-க்கு 431 எடுத்திருக்கிறாள். அறிவியல் 94, கணக்கு 89, ஆங்கிலம்தான் 71. இனி டவுன் பஸ் பிடித்து பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும்.

அவளுக்கு அக்ரி படிக்க ஆசை. அப்பா மரவள்ளி போடுகிறார், மாவுப்பூச்சி வந்து ஒரு வருடம் காடே சுருண்டு போனதைப் பார்த்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள முதல் குரூப் என்பது முடிவாகிவிட்டது. ஆனால் அட்மிஷன் கேட்கப் போன இடத்தில், மார்க் நன்றாக இருக்கிறது, காலேஜில் எல்லாமே இங்கிலீஷ்தான், இப்போதே இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். நான் தமிழ் மீடியத்தில் படித்து பாலிடெக்னிக் போய் முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்தவன். நிலைமம் என்று படித்ததும் அங்கே இனர்ஷியா என்று சொன்னதும் ஒன்றுதான் என்று தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அவளுக்கும் அப்படி ஆகக் கூடாது. அவளோ, இங்கிலீஷ் மீடியம் என்றால் ஃபெயில் ஆகிவிடுவேன் என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இயற்பியல்_வாத்தியார்:

தம்பி, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். முதலில் அந்தப் பள்ளியில் ஒரு விஷயத்தை விசாரியுங்கள். இங்கிலீஷ் மீடியத்துக்குத் தனி செக்ஷன், தனி வகுப்பறை இருக்கிறதா, இல்லை இரண்டு மீடியத்தையும் ஒன்றாக உட்கார வைக்கிறார்களா? பல சிறு ஊர்ப் பள்ளிகளில் முதல் குரூப்புக்கு முப்பது நாற்பது பேர்தான் சேருவார்கள், இயற்பியலுக்கு இருப்பது ஒரே ஆசிரியர், அவர் தமிழில்தான் நடத்துவார், இங்கிலீஷ் மீடியம் பிள்ளை கையில் மட்டும் இங்கிலீஷ் புத்தகம் இருக்கும். காதில் விழுவது தமிழ், வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது இங்கிலீஷ். இந்த நிலையில் நல்ல பிள்ளைகளே புரியாமல் உருப்போடுவதை வருடா வருடம் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். தனி வகுப்பாக உண்மையிலேயே ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள் என்றால் அப்போது யோசிக்கலாம்.

மார்க்குக்கும் மீடியத்துக்கும் சம்பந்தமில்லை. ப்ளஸ் டூ இயற்பியல் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10, எல்லோருக்கும் இதே கணக்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் கிடைக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் மீடியம் பார்ப்பதில்லை. 2020-இல் மருத்துவத்துக்குக் கொண்டு வந்தார்கள், அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உங்கள் தங்கைக்கு அதுதான் பெரிய பலம்.

நீங்கள் பட்ட கஷ்டம் கலைச்சொல்லால் வந்தது. அதற்கு மீடியத்தை மாற்ற வேண்டியதில்லை. பாடநூலின் இரண்டு வடிவமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தில் பாடத்தைப் புரிந்து படித்துவிட்டு, அன்றைக்கே இங்கிலீஷ் புத்தகத்தில் அதே பக்கத்தைத் திறந்து, திருப்புவிசை என்றால் டார்க், உந்தம் என்றால் மொமண்டம் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

கடத்தூர்_பொண்ணு:

அண்ணா, நான் தமிழ் மீடியத்திலிருந்து ப்ளஸ் ஒன்னில் மாறினவள், இப்போது நர்சிங் மூன்றாம் வருடம். காலாண்டில் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் ஃபெயில். வீட்டில் சொல்லப் பயந்து ராங்க் கார்டை ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்தேன். அரையாண்டில்தான் தேறினேன், அதுவும் எங்கள் விலங்கியல் மிஸ் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, நான் எழுதின வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்ததால். காலேஜ் வந்தபோது எனக்குச் சுலபமாக இருந்தது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வந்த என் ரூம்மேட்டும் இரண்டாவது செமஸ்டருக்குள் பிடித்துவிட்டாள். நான் அந்த ஆறு மாதம் அழுததை அவள் அழவில்லை. உங்கள் தங்கையே ஆசைப்பட்டுக் கேட்டால் சேருங்கள், சாப்பிடாமல் இருக்கிறவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

குரூப்2_முயற்சி:

யாரும் பிஎஸ்டிஎம் பற்றிச் சொல்லவில்லையே. தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2010-இல் வந்த சட்டம். 2020-இல் அதைத் திருத்திய பிறகு, அந்த வேலைக்குக் கேட்கிற கல்வித் தகுதி வரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும் என்பதால் அதில் உங்கள் தங்கைக்குப் பிரச்சினை இல்லை. டிகிரி கேட்கிற வேலைக்கு நடுவில் இரண்டு வருடம் இங்கிலீஷ் மீடியம் படித்தாலே போய்விடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரியைத் தமிழ் வழியிலும் நடத்துகிறார்கள். பிற்காலத்தில் வேளாண்மை அலுவலர் தேர்வு எழுத நினைத்தால், ப்ளஸ் டூவும் டிகிரியும் தமிழ் வழியில் இருப்பது பெரிய உதவி. நான் இது தெரியாமல் மீடியம் மாறி, இப்போது ஒவ்வொரு கட்ஆஃப் வரும்போதும் வருத்தப்படுகிறேன்.

இன்னொன்று, அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்க்கிற எண்ணம் இருந்தால் அங்கே 7.5 கிடையாது. காலேஜ் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத்தான்.

திருப்பூர்_அண்ணன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சொன்னபடி அம்மாவை நேரில் போய்க் கேட்கச் சொன்னேன். முதல் குரூப்பில் இரண்டு மீடியமும் ஒரே வகுப்பில்தானாம், பாடம் தமிழில்தான் நடக்குமாம். அப்புறம் என்ன, தமிழ் வழியிலேயே பாரம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த அக்ரி தமிழ் வழி விஷயத்தைப் போனில் சொன்னதும், நிஜமாவா அண்ணா என்று மூன்று தடவை கேட்டாள். சார், பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, சும்மா இருக்கிற இந்த நாளில் எதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும்?

இயற்பியல்_வாத்தியார்:

நல்லது தம்பி. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை இப்போதே திறக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள், அவளுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தது. அதன் இங்கிலீஷ் வடிவத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரிந்த பாடம் என்பதால் சொல் மட்டும்தான் புதிதாக இருக்கும். கூடவே கணக்கில் முக்கோணவியலை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும், இயற்பியலில் இரண்டாம் பாடத்திலேயே சைன், காஸ் வந்துவிடும்.