அப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கணும், தேதி தள்ளிக்கொண்டே போகிறது

பாம்பனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு, போன மாதம் வரை கடலுக்குப் போனவர். பொங்கலுக்கு அப்புறம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் இரண்டு காலும் வீங்கிவிடுகிறது, ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறார். ஈசிஜி எடுத்து, நீர் மாத்திரை கொடுத்து, எக்கோ எடுத்துக்கொண்டு இதய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். சரி என்று ராமநாதபுரம் போனால் கிடைத்த தேதி சித்திரை கழித்து. 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசினோம், மூச்சுத்திணறல் கூடினால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். தனியாரில் விசாரித்தால் இதய டாக்டர் மதுரையிலிருந்து வாரம் ஒருநாள்தான் வருவாராம், அன்றைக்கு டோக்கன் விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. மதுரைக்கே போகலாம், ஆனால் காலையில் சீட்டு போட முதல்நாளே போய்த் தங்கணும். முதல்வர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது.

ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, எங்கேயாவது இந்த மாதத்துக்குள் ஒரே நாளில் எக்கோவும் எடுத்து டாக்டரையும் பார்க்க முடிகிற இடம் யாருக்காவது தெரியுமா?