மிளகாய்த்தூளில் நிறம்: சரக்கு கொடுத்தவரை வழக்குக்குள் கொண்டுவருவது எப்படி?

காரைக்குடியில் சின்ன மளிகைக் கடை, அப்பச்சி காலத்திலிருந்து நடக்கிறது. போன மாதம் 12ஆம் தேதி உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து சில்லறை மிளகாய்த்தூளில் மாதிரி எடுத்தார். முறைப்படி நான்கு பங்காகப் பிரித்து சீல் வைத்தார்கள், நான்தான் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை அறிக்கை வந்தது: செயற்கை நிறம், பாதுகாப்பற்ற உணவு. இது அபராதத்தோடு முடியாது, கோர்ட்டுக்குப் போகும் என்கிறார்கள்.

தூள் நாங்கள் அரைத்ததில்லை. வெளியூர் மொத்த வியாபாரியிடம் 25 கிலோ மூட்டையாக வாங்கியது. பில்லில் 'மிளகாய்த்தூள்' என்று மட்டும் இருக்கிறது, பேட்ச் எண், உரிம எண் எதுவும் இல்லை. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். கேட்டதற்கு அது தன் சரக்கே இல்லை என்றார், அப்புறம் போனை எடுப்பதில்லை.

மீதி 9 கிலோவை அன்றே கட்டித் தனியாக வைத்துவிட்டேன். ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்த்தேன், சிவப்பு நூல் நூலாக அடிவரை இறங்கியது. இதைத்தான் தெருவில் பாதி வீடு கோழிக் குழம்புக்குப் போட்டிருக்கிறது என்று நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் (மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பானவர்) மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னார், ஆனால் கண்ணால் பார்த்த பிறகு மறுபரிசோதனை கேட்டு என்ன செய்ய? வங்கியில் பணம் அனுப்பிய பதிவும் லாரி ஷெட் ரசீதும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த அரைகுறை பில்லோடு அந்த மூட்டை அவரிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க இன்னும் என்ன ஆவணம் வேண்டும்?