இரண்டாவது குழந்தை: மூத்தவனின் பழைய சாமான்களில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

செந்தூல்வாசி:

அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது 35-வது வாரம், இரண்டாவது பிரசவம். மூத்தவனுக்கு நாலு வயசு, தாஸ்காவுக்கு (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) போகிறான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கின துணி மூன்று பெட்டி, கார் சீட், பால் பம்ப், போத்தல், ஸ்பிரிங் தொட்டில் எல்லாம் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. "எல்லாம்தான் இருக்கே, புதுசா எதுக்கு?" என்கிறார் மாமியார். எதை அப்படியே எடுக்கலாம், எதைப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும்? மூத்தவனுக்குப் பிறந்த மூணாம் நாள் மஞ்சள் காமாலை வந்து லைட்டில் வைத்தார்கள். அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த மூன்று பெட்டியையும் திறந்து மோந்து பாருங்க. நீங்களே குனிந்து கிளற வேண்டாம், வீட்டில் வேறு யாரையாவது திறக்கச் சொல்லுங்க. பாச்சை உருண்டை வாசம் அடித்தால், மற்றதெல்லாம் பிறகு.

காரணம் ஜி6பிடி, சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. இது குறைவாக உள்ள குழந்தை, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலினைச் சுவாசித்தாலோ, அது தோல் வழியாக உள்ளே போனாலோ சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். உடைந்த அணுவிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றும் அளவுக்குப் பச்சைக் குழந்தையின் ஈரல் முதிர்ந்திருக்காது. அது இரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் மூளையில் படிந்தால் காது கேளாமை, கை கால் இறுக்கம் என்று வாழ்நாள் பாதிப்பு. நம்மவர்கள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் துணி போடுகிறோம் இல்லையா? எண்ணெய் பூசிய தோல் நாப்தலினை இன்னும் வேகமாக இழுக்கும். ஆகவே நம் வீடுகளில் இந்த ஆபத்து ஒரு படி கூடுதல்.

"மூத்தவனுக்கு ஜி6பிடி சரியாக இருந்ததே" என்று இருந்துவிடாதீங்க. இது தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. தாய் அதைச் சுமப்பவராக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவனுக்கு இல்லாதது அடுத்தவனுக்கு இருக்கலாம், பெண் பிள்ளைக்கும் சில சமயம் வரும். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடியும் தைராய்டும் பார்ப்பார்கள். முடிவைக் கேட்டு வாங்கி, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்க. அந்த முடிவு தெரியும்வரை, குறைபாடு இருக்கிறது என்றே வைத்து வீட்டைத் தயார் செய்யுங்க. அலமாரியிலும் குளியலறையிலும் போட்ட உருண்டைகளை எடுத்துவிடுங்க. கற்பூரம், மெந்தால் கலந்த தைலம் எதையும் குழந்தைக்குத் தேய்க்க வேண்டாம். குறைபாடு உறுதியானால் சீன மருந்துக் கடையில் கிடைக்கும் சுவான் லியன் என்ற மூலிகை, ஃபாவா பீன்ஸ் இரண்டையும் பால் கொடுக்கும் நீங்களும் தொடக் கூடாது.

அடுத்தது மஞ்சள் காமாலை. மூத்த பிள்ளைக்கு லைட் தேவைப்பட்டிருந்தால் இளையதற்கும் வரும் வாய்ப்பு அதிகம், இதை லேபர் ரூமிலேயே சொல்லிவிடுங்க. உங்கள் இரத்தம் ஓ வகையா, ஆர்எச் நெகட்டிவா என்பதும் முக்கியம். நெகட்டிவ் என்றால், அடுத்த குழந்தையின் இரத்தத்தை உங்கள் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை முதல் பிரசவத்தில் போட்டார்களா என்பதை மருத்துவர் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் பார்ப்பது இப்படி: பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், மஞ்சள் நிறத் துணியோ திரையோ அருகில் இல்லாமல். நெற்றி, நெஞ்செலும்பு, தொடை, உள்ளங்கால் என்று ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்தி எடுங்க. விரல் எடுத்த கணத்தில் தோல் வெளுக்குமே, அந்த வெளுப்பில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருந்தால் தோலை நம்ப முடியாது, ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்க. முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் நேரே மருத்துவமனை. வீட்டில் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் கிளினிக்கில் குதிகாலில் குத்திப் பார்க்கும் இரத்த அளவுதான் கணக்கு. 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் நின்றாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனாலோ உடனே காட்டணும்.

காலை வெயிலில் பிடிப்பது வைத்தியம் ஆகாது. லைட் சிகிச்சையில் தேவையான நீல ஒளி மட்டும் சரியான அளவில் உடம்பு முழுக்க விழுகிறது, வெயிலில் தோல் சுடும், நீர்ச்சத்து வற்றும். தண்ணீர், குளுக்கோஸ் கொடுத்தாலும் மஞ்சள் இறங்காது. தாய்ப்பால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை போக வேண்டும், பிலிருபின் வெளியேறுவது மலத்தோடுதான்.

செந்தூல்வாசி:

மிஸ்ஸி, மிக்க நன்றி. திறந்து பார்த்தோம், மூன்று பெட்டியிலும் பாச்சை உருண்டை! இனி எத்தனை தடவை துவைத்தால் போகும்? இன்னொன்று, குளிப்பாட்ட ஒரு பாட்டியை ஏற்பாடு செய்திருக்கிறோம். சாம்பிராணி போடலாமா?

பட்டர்வொர்த் மிஸ்ஸி:

பெட்டியை வீட்டுக்குள் உதறாதீங்க. பால்கனியில் அல்லது வெளிக் கொடியில் ஒவ்வொரு துணியாகப் பிரித்து மூன்று நான்கு நாள் காற்றாட விடுங்க. பிறகு சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு தடவை துவைத்து வெயிலில் காய வைங்க. காய்ந்ததை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் இரவு வைத்து, காலையில் திறந்து மோந்து பாருங்க. கொஞ்சம் வாசம் இருந்தாலும் அந்தத் துணி வேண்டாம். கம்பளி, போர்வை, தலையணை மாதிரி தடித்தவற்றில் வாசம் லேசில் போகாது, அவற்றை ஒதுக்கிவிடுங்க. ஜி6பிடி குறைபாடு உறுதியானால் இந்தப் பெட்டித் துணி எதுவுமே வேண்டாம். முன்பக்கம் திறக்கும் மெல்லிய பருத்திச் சட்டை எட்டு, பத்துத் துவாலை, குழந்தையைச் சுற்றும் துணி நான்கு புதிதாக வாங்கினால் முதல் மாதம் ஓடிவிடும், அதற்குமேல் வாங்கினால் போடுவதற்குள் சின்னதாகிவிடும்.

பாட்டி குளிப்பாட்டட்டும், அவர் கைப்பழக்கத்தில் தாய்க்கும் நல்ல ஓய்வு. ஆனால் நான்கு விஷயத்தை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்க. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. மூக்கில் வாய் வைத்து ஊதவோ உறிஞ்சவோ கூடாது. மார்பு வீங்கியிருந்தால் பிழியக் கூடாது, அது தாயின் ஹார்மோனால் வந்தது, தானே வடியும், பிழிந்தால் சீழ் பிடிக்கும். தொப்புளில் மஞ்சள்தூள், சாம்பல், பவுடர் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் துடைத்து உலர விட்டு, பம்பர்ஸை அதற்குக் கீழே மடித்துக் கட்டினால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானே விழும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் நாற்றம் அடித்தாலோ கிளினிக்.

சாம்பிராணி வேண்டாம். புகை எந்த மூலிகையில் வந்தாலும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குப் புகைதான். தலை காய்வதற்குத் துவாலை போதும். தேன், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும் கூடாது, தேன் ஒரு வயசுவரை ஆகாது. மூன்று மாதத்துக்குள் அக்குளில் 38 டிகிரி காட்டினால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போங்க.

பழையகிள்ளான்சாலை:

தொட்டிலும் கார் சீட்டும் பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி.

கார் சீட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிப்பக்கப் பிளாஸ்டிக்கில் ஐந்து காசு அளவில் கடிகாரம் போல ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். நடுவில் இருக்கும் இரண்டு இலக்கம் வார்க்கப்பட்ட வருடம், அம்பு காட்டுவது மாதம். எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்பது அதே சீட்டின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். தயாரிப்பாளரைப் பொறுத்து ஆறு முதல் பத்து வருடம் வரை மாறும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பிளாஸ்டிக் வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், அதனால் கெடு தாண்டியதை எடுக்காதீர்கள். விபத்தில் அடிபட்ட காரில் இருந்த சீட், ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும் வேண்டாம்.

ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர எண் இருக்கிறதா பாருங்கள். பச்சைக் குழந்தைக்கான உள் மெத்தை இருக்கிறதா? நான்கு வயசுப் பிள்ளைக்காக அதைக் கழற்றி எங்கோ வைத்திருப்பீர்கள், அது இல்லாமல் பிறந்த குழந்தை அந்தச் சீட்டில் சரிந்து முகவாய் நெஞ்சில் முட்டும், மூச்சு அடைபடும். வார்கள் தோள் உயரத்திலோ சற்றுக் கீழேயோ வெளியே வர வேண்டும். இறுக்கிய பிறகு தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்புப் பிடிக்க முடிந்தால் இன்னும் தளர்வு. வாரைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தால் அதன் இழை பலம் குறைந்திருக்கும். ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ஆர்129 சீட்டில் 15 மாதம்வரை பின்னோக்கித்தான், ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கி வைக்கவே கூடாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பிள்ளைக்குக் கார் சீட் கட்டாயம் என்பது சட்டம், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்கே தேவை. மூத்தவனுக்கும் தனி சீட் வேண்டும். இரண்டையும் பின்னிருக்கையில் இப்போதே பொருத்திப் பாருங்கள், சில சின்னக் கார்களில் பின்னோக்கிய சீட்டை வைத்தால் முன் இருக்கையை நகர்த்த வேண்டி வரும்.

ஸ்பிரிங் தொட்டில்: ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் கிடத்துங்கள். சுருள்களுக்கு இடையே இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் விரிந்திருந்தால் இரும்பு தளர்ந்துவிட்டது, துரு, கொக்கியின் வளைவில் தேய்ந்த பள்ளம் இருந்தாலும் மாற்றுங்கள், புது ஸ்பிரிங் விலை பெரிதல்ல. ஸ்பிரிங்குக்கு உள்ளே பாதுகாப்புக் கயிறு ஓட வேண்டும், அறுந்தாலும் குழந்தை தரையில் விழாமல் தாங்குவது அதுதான். துணி முகத்தின் மேல் மூடாதபடி விரிப்புக் கம்பு போட்டு, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கீழாகவே கட்டுங்கள். இதில் ஆட்டித் தூங்க வைக்கலாம், ஆனால் தூங்கியதும் கெட்டியான சமதள மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பம்பர் மெத்தை எதுவும் கட்டிலில் வேண்டாம். முக்கியமாக, மூத்தவன் உதவி செய்வதாக நினைத்து வேகமாக ஆட்டுவான். அவன் இருக்கும்போது தொட்டிலை விட்டு ஒரு நொடிகூட நகராதீர்கள்.

பாயான்லெப்பாஸ் அம்மா:

பம்ப் உங்களுடையதுதானே, அப்படியானால் மோட்டாரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வால்வு, மெல்லிய மெம்பிரேன், ரப்பர் குழாய் மூன்றையும் புதிதாக வாங்குங்க. நான்கு வருடத்தில் வால்வின் உதடு விரிந்துவிடும், அதனால் உறிஞ்சும் விசை குறையும், பால் வராததற்கு உங்கள் உடம்பைக் குற்றம் சொல்வீங்க. குழாயின் உள்ளே கறுப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சை, கழுவிப் பயனில்லை. போத்தல் கீறியிருந்தால் தூக்கிப் போடுங்க. நிப்பிள் எல்லாம் புதிதுதான்.

பிழிந்த பால் அறையில் நான்கு மணி நேரம் என்று சொல்வது 25 டிகிரிக்குக் கணக்கு. ஏசி இல்லாத வீட்டில் அதை நம்பாமல் நேரே ஃபிரிட்ஜின் பின்பக்கம் வையுங்க, நான்கு நாள் தாங்கும். மாவுப்பால் கலப்பதானால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல், ஏனென்றால் மாவு கிருமி நீக்கியது அல்ல. குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்க.

பம்பர்ஸ் ஒரு நாளைக்குப் பத்து வரை போகும், ஆனால் சின்னச் சைஸ் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம். பால் போதுமா என்பதற்கு அளவும் அதிலேயே இருக்கிறது: முதல் நாள் ஒன்றாவது நனையணும், இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக் கூடாது.

35 வாரம் என்றீங்களே, கக்குவானுக்கான ஊசியை மருத்துவரிடம் நாளைக்கே கேளுங்க. மூத்தவனைச் சுமந்தபோது போட்டது இவனுக்கு ஆகாது, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனி. ஊசிக்குப் பிறகு தாயிடம் எதிர்ப்புச் சக்தி உருவாகக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வேண்டும். மூத்தவனின் 18 மாத ஊசி போட்டாச்சா என்றும் புத்தகத்தில் பாருங்க. தாஸ்காவிலிருந்து வந்ததும் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே தம்பியையோ தங்கச்சியையோ தொடணும், அதுவும் காலை மட்டும், முகத்தை வேண்டாம்.

உங்க வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில் ஒரு வருடமாக வேலை செய்கிறாரென்றால் 2023 முதல் தொடர்ந்து ஏழு நாள் சம்பள விடுப்பு உண்டு. 30 நாள் முன்பே கம்பெனிக்குச் சொல்லியிருக்கணும், உங்களுக்கு நாள் நெருங்கிவிட்டது, இந்த வாரமே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. ஜெபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) பிறப்புப் பதிவுக்கு 60 நாள் கெடு.