நம்ம தெரு குரூப்: பேட்சிங் பிளாண்ட் விஷயம்

வித்யா: அடுக்குமாடி கட்டற இடத்துல தற்காலிக பேட்சிங் பிளாண்ட், அதான் கான்கிரீட் கலக்கற மெஷின், வருதுங்க. மணிக்கு 30 கனமீட்டர் மெஷின், 14 மாசம் ஓடுமாம். மொத்தம் 9,000 கனமீட்டர் கான்கிரீட். பாதிப்பு எவ்வளவுனு எதை வெச்சு கணக்குப் போடறது?

முருகேசன் அண்ணன்: வேண்டாம்னு சொல்லிடலாம். கலந்த கான்கிரீட்டை ரெடிமிக்ஸ் லாரியில வெளிய இருந்து கொண்டு வரட்டும்.

செந்தில் இன்ஜினியர்: அதையும் எண்ணிப் பாத்துட்டு சொல்லலாம்ணா. வெளிய இருந்து வந்தா 6 கனமீட்டர் லாரி, 1,500 நடை. உள்ளயே கலந்தா ஒரு கனமீட்டருக்கு ஜல்லியும் எம்சாண்டும் சேர்ந்து 1.85 டன், சிமெண்ட் 350 கிலோ. 20 டன் டிப்பர் 830 சொச்சம், சிமெண்ட் கொண்டு வர்ற 28 டன் பல்கர் (டாங்கர் லாரி) 110 சொச்சம். மொத்தமே 950 தாண்டாது. ரோட்டு நெரிசலைப் பாத்தா சைட்டுக்குள்ளயே கலக்கறதுதான் லாபம். நமக்குத் தலைவலி புழுதியும் கழுவுற தண்ணியும்.

ஜாபர் பாய்: புழுதின்னா எல்லாரும் ஜல்லிக் குவியலைத்தான் பாப்பாங்க. தார்பாய் மூடி தண்ணி தெளிச்சா அது அடங்கிடும். பயப்பட வேண்டியது சைலோ, அதான் சிமெண்ட் ரொப்பி வைக்கற உயரமான தொட்டி. பல்கர் காத்தழுத்தத்துல சிமெண்ட்டை மேல தள்ளும். அந்தக் காத்து வெளிய வர்ற வழியில ஃபில்டர் பை இருக்கும். பையில ஈரம் ஏறி இறுகினாலோ, பையில ஒட்டினதை உதற காத்தை விட்டு விட்டு (பல்ஸ்) அடிக்கற கம்ப்ரசர் நின்னாலோ உள்ள அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு திறந்து சிமெண்ட் தூசி வெளிய கொட்டும். சைலோ ரொம்பினது தெரியாம ஏத்தினாலும் இதே கதைதான்.

வித்யா: கீழ நின்னு பாத்து எப்படிங்க கண்டுபிடிக்கறது?

ஜாபர் பாய்: சைலோ உச்சியில இருந்து சாம்பல் கோடு கோடா இறங்கி, மழை பட்டு கெட்டியா ஒட்டியிருக்கும். அப்படி இருந்தா வால்வு திறந்திருக்குனு அர்த்தம். புதுசா வர்ற சைலோன்னா லெவல் அலாரம் இருக்கா, பையை எப்ப மாத்துவாங்கனு எழுத்துல வாங்குங்க.

கவிதா டீச்சர்: காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதையும் சேத்துக்கணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு, அப்புறம் வடகிழக்கு. மார்கழிக் காலையில சேலத்துல காத்தே அசையாது, சுத்தியும் மலை. அப்ப கிளம்புற புழுதி தெருவுலயேதான் நிக்கும். ஒரே ஒரு நாள் ரிப்போர்ட்டைக் காட்டினா ஒத்துக்காதீங்க.

செந்தில் இன்ஜினியர்: டீச்சர் சொல்றது சரி. மெஷின் ஓடறதுக்கு முன்னாடியே காத்து வர்ற பக்கம் ஒண்ணு, போற பக்கம் ஒண்ணுனு 24 மணி நேரம் பிஎம்10ங்கற நுண்தூசியை அளக்கணும். 2009 தேசியக் காற்றுத் தர அளவுப்படி கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரைதான். முன் அளவு இல்லன்னா நாளைக்கு "இது ரோட்டுப் புழுதிங்க"னு சொல்லிடுவாங்க, நம்மகிட்ட பதில் இருக்காது.

முருகேசன் அண்ணன்: சத்தம்?

செந்தில் இன்ஜினியர்: தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும். 10 மீட்டர்ல 80ன்னா 20ல 74, 40ல 68, 80ல 62. குடியிருப்புக்குப் பகல் வரம்பு 55, ராத்திரி 10 மணிக்கு மேல 45. ஸ்கூல் 100 மீட்டருக்குள்ள இருந்தா இன்னும் குறைவு, பகல் 50 ராத்திரி 40. தகரத் தடுப்பு மெஷினை மறைக்கிற உயரத்துல இருந்தாத்தான் வேலை செய்யும், இடுப்பளவுக்கு வெச்சா வீண். ஜெனரேட்டருக்கு மூடின கூடு, 1 மீட்டர்ல 75க்குள்ள.

ஜாபர் பாய்: பல்கர் ராத்திரியில வந்து இறக்கும், சிமெண்ட்டைத் தள்ள காத்தடிக்கற அந்த புளோவர் சத்தமும் பெரிய தொந்தரவு. இறக்கறது காலை 7ல இருந்து சாயங்காலம் 6க்குள்ளனு நிபந்தனை போடுங்க.

வித்யா: கழுவுற தண்ணி மூக்கனேரிக்கு போற ஓடையில கலந்தா?

செந்தில் இன்ஜினியர்: இதுதாங்க முக்கியம். சிமெண்ட் தண்ணியோட பிஎச் (அமில-கார அளவு) 12 கிட்ட, கடும் காரம். வெளிய விட 5.5ல இருந்து 9க்குள்ள இருக்கணும், மிதக்கிற தூசி லிட்டருக்கு 100 மில்லிகிராம் தாண்டக் கூடாது. மூணு அறைத் தொட்டியில தெளிய வெச்சா பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், பிஎச் மட்டும் அப்படியே 12. "தெளிஞ்ச தண்ணிதான"னு ஓடையில விடற தப்பு அங்கதான் நடக்குது. லிட்மஸ் வேண்டாம், 14 வரைக்கும் காட்டற பிஎச் பட்டை வாங்கி வெச்சுக்கலாம்.

கவிதா டீச்சர்: அந்தத் தண்ணியை என்னதான் பண்றது?

செந்தில் இன்ஜினியர்: திரும்ப கான்கிரீட்டுக்கே போடலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456ல பிஎச் 6க்குக் குறையக் கூடாதுனுதான் இருக்கு, மேல தடையில்ல. மிதக்கிற தூசி லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கும். உப்பு, சல்ஃபேட் மட்டும் தனியா டெஸ்ட் பண்ணணும்.

ஜாபர் பாய்: தொட்டி அளவைப் பாருங்க. மிக்சர், பம்ப், ரெண்டு லாரி கழுவினா ஒரு நாளைக்கு 4,000 லிட்டர். அதுக்குனு 12,000 லிட்டர் தொட்டி கட்டிட்டு போதும்பாங்க. பிளாண்ட் இடம் 25 சென்ட். 5 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 50,000 லிட்டர் அதுல இறங்கும். தொட்டி ரொம்பி வழியறது மழையிலதான். மேட்டுல இருந்து வர்ற நல்ல தண்ணியைத் தனி வாய்க்கால்ல திருப்பி விடணும், பிளாண்டைச் சுத்தி வரப்பு, சைலோ அடி, கழுவுற இடம் ரெண்டுக்கும் கூரை.

முருகேசன் அண்ணன்: இதுக்கெல்லாம் யார்கிட்ட போறது?

செந்தில் இன்ஜினியர்: 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில பேட்சிங் பிளாண்ட் தனியா வராது. கட்டடம் 20,000 சதுர மீட்டர் தொட்டாத்தான் சுற்றுச்சூழல் அனுமதி. ஆனா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கிட்ட நிறுவ ஒரு இசைவு, ஓட்ட ஒரு இசைவு வாங்கணும். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துல நகல் கேளுங்க. வித்யா, அவங்க வரைபடத்துல தொட்டி எங்க போட்டிருக்கு?

வித்யா: கிழக்கு மூலை, ஓடையில இருந்து 8 மீட்டர்.

ஜாபர் பாய்: அதை முதல்ல மேக்கு மூலைக்கு மாத்தச் சொல்லுங்க. மத்த நிபந்தனையெல்லாம் அதுக்கப்புறம் பேசலாம்.