பொங்கல் மலருக்கான ஊர் வரலாறு: ஒரு திருத்தம்

திருமுக்கூடல் சொந்தங்களுக்கு வணக்கம்.

மலருக்கு வந்திருக்கும் ஊர் வரலாற்றைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கோயிலில் இருந்த பழைய மருத்துவசாலைக்குக் கொடுத்திருக்கும் 'உலகின் முதல் மருத்துவமனை' என்ற தலைப்பை எடுத்துவிடுவோம். இலங்கையில் மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவசாலை இருந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர் படித்தால் சிரிப்பார். நமக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை.

நம் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 1068 வாக்கில் வெட்டியது. அதில் இருப்பதை அப்படியே போட்டாலே போதும். மருத்துவசாலைக்குப் பெயர் வீரசோழன், படுக்கை 15. நோயாளி ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம், நாவிதருக்கு 15 கலம் (நாழியும் கலமும் அந்தக் காலத்துத் தானிய அளவுகள்). மூலிகை பறிக்கவும் விறகு கொண்டுவரவும் ஆள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், இரவில் எரிய ஒரு விளக்கு. மருந்து இருப்பும் பெயர் பெயராக வருகிறது: வாசா அரீதகி, தசமூல அரீதகி (அரீதகி என்றால் கடுக்காய்), பில்வாதி நெய், அப்புறம் மருந்துக்கென்றே நாள்பட வைத்திருந்த பழைய நெய். பழைய நெய்யையும் மறக்காமல் வெட்ட வைத்த கணக்கரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்த 15 படுக்கையும் ஊர் முழுவதற்கும் அல்ல. கோயிலை ஒட்டி ஒரு வேதக் கல்லூரி இருந்தது. அங்கே படித்தவர்கள், சொல்லிக்கொடுத்தவர்கள், கோயில் ஊழியர்கள், இவர்களுக்குத்தான். மாணவர்களுக்குச் சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வரை ஒதுக்கியவர்கள், அந்த நெல்லை விளைவித்தவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன என்று ஒரு வரியும் எழுதவில்லை.

ஆற்றுக்கு வரைவில் ஒரே பத்திதான். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம் என்பதால்தானே ஊருக்கு இந்தப் பெயரே! வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் என்றாலும், 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் பாலாற்றை லேசாக நினைக்க மாட்டார்கள். அதை நேரில் கண்டவர்கள் யாராவது எழுதுங்கள். கல்குவாரித் தூசியைப் பற்றியும் எழுதலாம், மலர் என்றால் பெருமை மட்டும்தான் என்று யார் சொன்னது?

மாட்டுப் பொங்கல் அன்று நடக்கும் பார்வேட்டை உற்சவத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேலை. காஞ்சி வரதர் பழையசீவரம் மலையிலிருந்து இறங்கி வந்து, சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களோடு நம் கோயிலில் சேரும் படம் போன மலரில் மங்கலாக வந்தது. இந்த முறை நல்ல கேமரா வைத்திருப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்வெட்டுச் சுவரையும் எடுக்கலாம், காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும். சுவரில் சுண்ணாம்பு, மாவு எதையும் தயவுசெய்து தேய்க்க வேண்டாம்.