எல்லை தாண்டும்போது முள் காட்டுவது உண்மை வேகமா? – அனுபவப் பகிர்வு

குறொய்டன்காரர்

லண்டனில் இருந்து பாரிஸின் லா சப்பலுக்குக் காரில் போகிற எங்கடை சனத்துக்காக இதைத் தொடங்குகிறேன். பிரான்சின் கலேயில் இறங்கியதும் மைல் கிலோமீற்றராகும், ஓடுகிற பக்கமும் மாறும். அந்த நேரத்தில் உங்கள் ஸ்பீடோமீற்றர் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற கணக்கு ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிப்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தின் பத்து வீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. உண்மையில் 100இல் ஓடும் காரின் முள் 100க்கும் 114க்கும் இடையில் எங்கே நின்றாலும் சட்டப்படி சரி. ஆகவே ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போகும் இரண்டு கார்களின் முள்ளும் ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம்.

அளக்க நல்ல இடம் போகிற வழியிலேயே இருக்கிறது. எம்20 நெடுஞ்சாலை ஓரத்தில் 500 மீற்றருக்கு ஒரு சின்ன நீலப் பலகை நிற்கும். மேலே எம்20, நடுவில் ஏ அல்லது பி, கீழே 68.5 மாதிரி ஓர் எண். மைல் கணக்கில் ஓடுகிற நாடு என்றாலும் அந்த எண் கிலோமீற்றர்தான். குரூஸ் கொன்ற்றோலை (வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) 60 மைலில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர், ஒரு பலகை தன் பக்கக் கண்ணாடியைக் கடக்கும்போது ஸ்ரொப்வோச்சை அமர்த்தி, எண் 5 மாறிய பலகை அதே கண்ணாடியைக் கடக்கும்போது நிறுத்த வேண்டும். 18000ஐ (5 கி.மீ. × 3600 செக்கன்) அந்தச் செக்கனால் வகுத்தால் உண்மை வேகம் கி.மீ.யில் வரும். முள் சரி என்றால் 186.4 செக்கன். 195 செக்கன் எடுத்தால் 92.3 கி.மீ., அதாவது 57.4 மைல். முள் 2.6 மைல் கூட்டிச் சொல்கிறது.

ஒரு கிலோமீற்றரை மட்டும் அளந்து கணக்குப் போடாதீர்கள். விரல் ஒரு செக்கன் பிந்தினால் அதிலேயே 2.4 கி.மீ. பிழைக்கும். ஐந்து கிலோமீற்றரில் அதே பிந்தல் அரைக் கிலோமீற்றர்தான்.

ஈஸ்ட் ஹாம்

அண்ணா சொன்ன முறை ஆள் துணை இருந்தால் நல்லது. தனியாகப் போகிறவருக்கு ஃபோன் ஜி.பி.எஸ். போதும், ஆனால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது ஒன்றிரண்டு செக்கன் பிந்தித்தான் சொல்லும். நேரான, மேடு பள்ளமில்லாத சாலையில் குரூஸில் போட்டு, எண் பத்துப் பதினைந்து செக்கன் அசையாமல் நின்ற பிறகு எடுங்கள். ஃபோன் ஸ்ராண்டில் இருக்கட்டும். கையில் பிடித்தால் பிரித்தானியாவில் 200 பவுண்டு தண்டமும் உரிமத்தில் 6 புள்ளியும், பிரான்சில் 135 யூரோவும் 3 புள்ளியும்.

சுரங்க ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஃபோக்ஸ்டனில் ஏறி 35 நிமிடத்தில் கொக்கெலில் இறங்கும்வரை ஃபோனுக்குச் செய்மதி கிடைக்காது. இறங்கியதும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அது உங்களை இன்னும் கென்ற் பக்கத்தில் வைத்திருக்கும், வேகமும் குதித்துக் குதித்து வரும். அதற்குள் நீங்கள் பிரான்சின் ஏ16 நெடுஞ்சாலையில் ஏறியிருப்பீர்கள். அந்த முதல் சில கிலோமீற்றருக்கு ஃபோனை நம்ப வேண்டாம், முள்ளையே பாருங்கள்.

அலகு மாற்றுகிற வேலையை ரயில் பெட்டிக்குள் கார் நிற்கும்போதே முடித்துவிடுங்கள். கப்பலில் போனால் ஏறுவதற்கு முன், டோவர் வரிசையில் நிற்கும்போதே. கடலில் இருக்கும்போது கார்த் தளத்துக்கு இறங்க விடமாட்டார்கள். மெனுவில் அலகு மாற்றியதும் வேகக் கட்டுப்படுத்தியில் முன்பு சேமித்த எண்ணை அழித்துப் புதிதாகப் போடுங்கள். பலகையைப் படிக்கும் கமெரா உள்ள கார்களிலும் கவனம். கமெராவுக்குத் தெரிவது 80 என்ற எண் மட்டும். அது மைலா கிலோமீற்றரா என்பதைக் காரின் வரைபடமோ நீங்கள் போட்ட அமைப்போதான் சொல்ல வேண்டும்.

மில்ரன் கீன்ஸ்

ஒரு கேள்வி. முள் எப்படியும் கூட்டித்தானே காட்டுது, அப்ப முள்ளைப் பார்த்தே ஓடினால் காணாதா? ஏன் இவ்வளவு கணக்கு?

ரயர் கடை

தம்பி, கார் தொழிற்சாலையில் இருந்து வந்த அளவு ரயரோடு ஓடும்வரை நீங்கள் சொல்வது சரி. ரயர் மாறினால் கதை வேறு.

205/55 ஆர்16 ரயரின் விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ. புது ரயரில் பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ., சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மி.மீ. தேய்ந்து முடியும்போது ஆரை 6.4 மி.மீ. குறையும், அது இரண்டு வீதம். சில்லு சின்னதானால் அதே தூரத்துக்குக் கூடச் சுற்றும், முள்ளும் கூடக் காட்டும். தேய்ந்த ரயரில் வேகத்தை அளந்து வைத்துவிட்டு, பயணத்துக்கென்று புது ரயர் பூட்டினால் அந்தக் கணக்கு செத்துப்போச்சு. அதே முள்ளில் கார் இப்போது இரண்டு வீதம் வேகமாக ஓடும்.

இதைவிடப் பெரிய பிழை, சில்லில் ஏறுகிறது என்பதற்காக 205/60 ஆர்16 போடுவது. விட்டம் 652 மி.மீ., 3.2 வீதம் பெரிது. முள் முன்பு இரண்டு வீதம்தான் கூட்டிக் காட்டிய கார் என்றால், 130 என்று முள் சொல்லும்போது நீங்கள் 131ஐத் தாண்டி ஓடுகிறீர்கள். முள் இப்போது குறைத்துச் சொல்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் ரயர்ப் பக்கவாட்டில் உள்ள எண்ணையும் சாரதி கதவு நிலையில் ஒட்டியிருக்கிற அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்கால ரயர் தனி றிம்மில் வைத்திருப்பவர்கள் இரண்டு செற்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, செலவில்லை. முள்ளை வேண்டுமென்று கூட்டிக் காட்டச் செய்தாலும், தூரம் எண்ணும் பகுதி பெரும்பாலும் உண்மைக்குக் கிட்ட இருக்கும். குரூஸில் ஓடும்போது ட்ரிப்பை (பயணத் தூரக் கணக்கை) பூச்சியமாக்கி, பத்துக் கிலோமீற்றர் கழித்துச் சராசரி வேகத்தைப் பாருங்கள். முள் 70 மைலிலேயே நின்றிருக்க, சராசரி 67 என்றால் இடைவெளி கண்முன் தெரியும்.

குறொய்டன்காரர்

ரயர் கடை அண்ணைக்கு நன்றி. பிரான்ஸ் வரம்புகளை மைலில் தருகிறேன், உள்வட்டத்தில் பொடி எழுத்தில் கி.மீ. இருக்கும் பழைய டயல்காரருக்கு உதவும். 130 என்றால் 81 மைல், 110 என்றால் 68, 80 என்றால் 50, 50 என்றால் 31, 30 என்றால் 19. டயல் கண்ணாடியில் 31, 50, 68, 81 இடங்களில் அரைச் சென்ரிமீற்றர் காகித ரேப் ஒட்டினால் ஒரு பார்வையில் தெரியும். அளந்து கண்ட இடைவெளியைச் சேர்த்து ரேப்பை மேலே தள்ளி ஒட்டாதீர்கள். அந்த இடைவெளி உங்களுக்கான காப்பு.

மழை பெய்தால் ஒற்றோரூட்டில் (பிரெஞ்சு அதிவேக நெடுஞ்சாலையில்) 130 தானாக 110 ஆகும், பலகை மாறாது. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு வெயிலிலும் 110தான். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் கண்டால், எண் எதுவும் இல்லாவிட்டாலும் அங்கிருந்து 50. குறுக்கே கோடு போட்ட அதே பெயர் வரும்வரை அதுதான்.

லா சப்பல் போகிறவர் ஏ1 முடிவில் போர்ட் த லா சப்பலில் இறங்குவார். அங்கே சுற்றுவட்டச் சாலை 2024 ஒக்ரோபரில் இருந்து 50. பாரிஸ் நகரத் தெருக்கள் பெரும்பாலும் 2021 ஓகஸ்ற் முடிவில் இருந்து 30. லண்டன் பழக்கத்தில் 30ஐக் கண்டு 30 மைல் ஓடினால் அது 48 கி.மீ. வேகம் பிடிக்கும் நிலையான ராடர், 100க்குக் கீழே அளந்த வேகத்தில் 5 கி.மீ. மட்டுமே கழிக்கும். வரம்புக்கு மேலே 40 கி.மீ.க்குப் போனால் உரிமத்தை அந்த இடத்திலேயே பறிக்கலாம். ராடர் கண்டுபிடிக்கும் கருவி காரில் இருப்பதே குற்றம்.

ஸ்காபரோ

எங்கள் கனடாப் பக்கம் ஆபத்து திரும்பி வரும்போதுதான். பீஸ் பிரிட்ஜ் தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் டிஜிற்றல் டயலை மைலுக்கு மாற்றுவார்கள், ஃபோர்ட் ஈரியில் மறுபடி மாற்ற மறப்பார்கள். ஒன்ராறியோவில் 70 பலகைக்கு 70 என்று ஓடினால் அது 113 கி.மீ. 80க்குக் குறைந்த வரம்பில் 40 கி.மீ. மிஞ்சினாலே ஸ்ரண்ட் டிரைவிங் என்ற குற்றம். உரிமம் 30 நாள், கார் 14 நாள் போய்விடும். பாலத்துச் சாவடி வரிசையில் நிற்கும்போதே மாற்றுங்கள். நியூயோர்க் பக்கம் அளப்பது சுகம். மைல் எண் பலகை இருக்கிறது, 3600ஐ ஒரு மைலுக்கு எடுத்த செக்கனால் வகுத்தால் நேரே மைல் வேகம். 65க்கு 55.4 செக்கன்.

டப்ளின்

வட அயர்லாந்தின் நியூரிக்குத் தெற்கே எல்லையில் சாவடியும் இல்லை, வரிசையும் இல்லை. ஓர் அறிவிப்புப் பலகை மட்டும். அயர்லாந்துக் குடியரசு 2005 ஜனவரி 20இல் கிலோமீற்றருக்கு மாறியது, வடக்கு இன்னும் மைல். வடக்கில் நகருக்கு வெளியே சாதாரண ஒற்றைச் சாலையின் பொது வரம்பு 60 மைல். தெற்கில் உள்ளூர்க் கிராமச் சாலைகளின் பொது வரம்பு 2025 பெப்ரவரி 7இல் இருந்து 60 கிலோமீற்றர், அதாவது 37 மைல். எண் ஒன்று, வேகம் வேறு. நிறுத்தி அலகு மாற்ற எல்லையில் இடம் கிடைக்காது. நியூரியிலோ டண்டோக்கிலோ எண்ணெய் அடிக்க நிற்கும்போது மாற்றிவிடுங்கள்.